சாலையோரக் கற்களில் யார் பெயர்?



நினைவுச் சொற்பொழிவுகளில் நாம் பெரும்பாலும் நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். இன்று கல்லையும் பலகையையும் பற்றிப் பேசலாம். நூலைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். சாலையோரக் கல்லைப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கூடப் படித்துவிடுவார். ஓர் ஊரின் வரலாறு இதுதான் என்று பொதுமனதில் பதிவது பெரும்பாலும் அப்படித்தான்.

செம்பாக்கத்தைச் சுற்றியுள்ள நிலம் பட்டாளத்து மண். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கன்டோன்மென்ட். கம்பெனி காலத்தில் சென்னைப் பீரங்கிப் படைக்குப் பரங்கிமலைதான் தலைமையிடம். நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோருக்கு வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் என்று தனித்தனியாகப் பொறித்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் நம் கிராமங்களில் பதிக்கப்பட்ட கற்பலகைகள் இதற்கு நேர்மாறானவை. இந்த ஊரிலிருந்து 1914–1919 போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர்விட்டவர்கள் இத்தனை பேர். அவ்வளவுதான். போனவர் ஊர்த்தெருக்காரரா, சேரிக்காரரா என்பதை அந்த எண் சொல்லாது.

எல்லாச் சாதியினரும்தானே அங்கே வெறும் எண்ணாக இருக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கல் பெயர் சொல்லாதபோது, ஊர் தன் பெயரை அதில் நிரப்பிக்கொள்ளும். பட்டா நிலமும் படம் மாட்டச் சுவரும் உள்ள வீட்டில் நினைவு தங்கும். புறம்போக்கிலிருந்து விரட்டப்பட்ட குடும்பத்தின் நினைவு, மூட்டை முடிச்சோடு இடம்பெயரும். பாதி வழியில் தொலையும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. அந்தப் போருக்காக இந்தியாவில் சேர்க்கப்பட்டவர்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: சுமைதூக்கிகள், துப்புரவாளர்கள், சமையல்காரர்கள், கூலிப்படையினர். வீரம் என்ற சொல்லுக்குள் இவர்களை யாரும் சேர்க்கவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயர் பொறிக்கப்படாமலே விடப்பட்டார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. யாருக்குக் கல், யாருக்கு எண், யாருக்கு எதுவுமில்லை என்பதை உலகெங்கும் அதிகாரமே தீர்மானித்திருக்கிறது.

நம் மக்கள் படையில் இல்லாததால்தான் பெயர் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. சென்னை ராணுவத்தில், குறிப்பாகச் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் பிரிவில், பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டியதும் பாதை வெட்டியதும் அந்தப் பிரிவு. 1857க்குப் பிறகு ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாடு வலுத்தது. 1885இல் இந்தியாவின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்களைத் தகுதி குறைந்தவர்களாகக் கருதினார். சென்னைக் காலாட்படைகள் சுருக்கப்பட்டன. மேற்கே மகர்களைச் சேர்ப்பதும் 1890களில் நிறுத்தப்பட்டது. சாதி இந்துக்களின் தீண்டாமையும் வெள்ளையரின் இனவாதமும் கைகோத்து அடைத்த கதவு அது.

கோரேகான் தூணை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1818 ஜனவரி 1 அன்று நடந்த சண்டையில் இறந்த 49 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களில் 22 பேர் மகர்கள். சென்னைப் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கிகளும் அந்தக் களத்தில் இருந்தன. கம்பெனி அந்தத் தூணை நிறுத்தியது தன் வெற்றியைக் கொண்டாட. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே போனது கம்பெனியைக் கொண்டாட அல்ல. கோழைகள், தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர்கள் கல்லில் இருப்பதைக் காட்டவே போனார். பெயர் இருந்ததால்தான் அந்தக் கல்லை மீட்க முடிந்தது. எண் மட்டும் இருந்திருந்தால் எதைக் காட்டியிருப்பார்?

பெயருக்கான போராட்டம் நம் பகுதிக்குப் புதிதல்ல. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கும்படி செய்தார். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1994இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டுக்கு உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இதே செங்கற்பட்டு மண்ணின் போராளிகள். எல்லையில் செத்தவருக்குக் கல் வைக்கும் நாடு, சொந்த நிலத்துக்காகச் செத்தவருக்கும் வைக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பழைய பலகை இறங்கிப் புதியது ஏறும் அந்த இடைவெளியில் ஆபத்தும் இருக்கிறது. இழிவுச் சொல்லோடு சேர்ந்து, அங்கே ஒரு சேரி இருந்தது, அந்த மக்கள் ஏரியையும் கழனியையும் காத்தார்கள் என்ற உண்மையும் அழிந்துவிடக் கூடாது. பூவின் பெயரைத் தெருவுக்கு வைப்பது எளிது. அதனால் யாருக்கும் சங்கடமில்லை. யாருக்கும் வரலாறும் இல்லை.

மாணவத் தோழர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டாளத்து ஓய்வூதியப் புத்தகம், தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, நிலப் பதிவேடு, இடுகாட்டுக் கல், பாட்டிமார் சொல்லும் பெயர்கள் எல்லாம் ஆவணங்கள்தான். சொல்பவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். பட்டியல் தயாரானதும் மாநகராட்சியிடம் மனுவாகக் கொடுப்போம். கொடுக்கும் மனுவில் எண்ணிக்கை வேண்டாம், பெயர்கள் இருக்கட்டும்.