சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம்: வலி நேரம்

முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தபின், அடுத்த குழந்தை இயல்பான வழியில் பிறப்பதே சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம். முன்பு ஒருமுறையும் சுகப்பிரசவம் ஆகாதவருக்கு வலி பெரும்பாலும் தலைப்பிரசவம் போலவே நீளும். ஆனவருக்குச் சீக்கிரம் முடியும். கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்தபின் முழுதாகத் திறக்க, தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கும் அடுத்தவற்றில் 10 மணி நேரத்துக்கும் மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்.

வலி முன்னேறாமல் நின்றால் பழைய தையல் தழும்பு பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிச் சுகப்பிரசவத்துக்கு முயல்வோரில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரிகிறது. ஆகவே மதுரைப் பழங்காநத்தத்துத் தாய்மார்கள், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போல உடனடி அறுவை வசதி உள்ள இடத்திலேயே இவ்வகைச் சுகப்பிரசவத்துக்கு முயல வேண்டும்.