உப்பளம் முதல் குயில்தோப்பு வரை: புதுவைக் கரைக் கவிதையில் இயற்கையும் உழைப்பும்

புதுச்சேரி நகரின் தென்பகுதிக்கு உப்பளம் என்று பெயர். கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் காயவிட்டு உப்பு வாரிய நெய்தல் தொழிலின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. அளம் என்பது கடலும் வெயிலும் மனிதக் கையும் ஒருங்கே தொழிற்படும் இடம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் உப்பு விளையாது. இக்கரையோடு தொடர்புடைய கவிதைகளைக் காலவரிசையில் நோக்கினால், இயற்கையும் உழைப்பும் இவ்வாறே பிரியாமல் நிற்பதைக் காணலாம். காலந்தோறும் மாறியது, இயற்கை கவிஞனுக்கு எதன் சான்றாக நின்றது என்பதே.

சங்க இலக்கியத்தில் இதற்குத் தெளிவான தொடக்கம், நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினத்தைப் புதுவைக்கு வடக்கே, இன்றும் உப்பு விளையும் மரக்காணப் பகுதியோடு ஆய்வாளர் பலர் இணைக்கின்றனர். அங்கே தாழை அன்னம்போல் மலர்கிறது. செருந்தி பொன்னாகவும் புன்னை முத்தாகவும் தோன்றுகின்றன. இவை வள்ளலின் நாட்டைச் சிறப்பிக்கும் அணிகள் மட்டுமே என்று மறுக்கலாம். ஆனால் அதே பாட்டில் உப்பு வண்டிகளோடு வந்த மந்தி, உப்பு வணிகரான உமணரின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. அந்தக் கிலுகிலுப்பை, கிளிஞ்சலுக்குள் முத்தை அடைத்துச் செய்தது. விலங்கும் கடற்பொருளும் வணிகக் குடும்பமும் ஒரே காட்சியில் கூடுகின்றன. பறவை, மரம் ஆகியவற்றோடு தொழிலையும் கருப்பொருளாக எண்ணிய திணை மரபில் இக்கூட்டு இயல்பானது.

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்தக் கரையின் வாழ்வு மாறியது. 1815 ஆம் ஆண்டு ஒப்பந்தம் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வணிகத்தை ஆங்கிலேயர் பிடிக்குள் கொண்டுவந்தது. 1818 இல் இழப்பீட்டுக்கு ஈடாக உப்பு உற்பத்தியையே நிறுத்த ஒப்புக்கொள்ளப்பட்டது. இருபதாம் நூற்றாண்டுப் புதுவைக் கவிஞர்களின் இயற்கை உப்புப் பாத்தியைவிடத் தோப்பையும் வயலையும் நாடியதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருத இடமுண்டு. 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியின் ‘குயில் பாட்டு’ முத்தியாலுப்பேட்டை மாந்தோப்போடு சேர்த்துப் பேசப்படுவது. மாயமும் கனவும் நிறைந்து, வேதாந்தப் பொருளுக்கும் இடம்வைக்கும் அப்பாட்டில் உழைப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தன் நெஞ்சைப் பறித்த இசைகளைக் குயில் அடுக்கும் இடமே விடை. காற்று, ஆறு, கடல் ஆகியவற்றின் ஒலிகளைச் சொன்ன வாயாலேயே அது ஏற்றப் பாட்டையும் நெல்லிடிக்கும் பெண்களின் பாட்டையும் சொல்கிறது. 1916 ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் பாரதி பாடிய சிறு தென்னந்தோப்பு இன்னும் வலிய சான்று. அது ஏழை ஒருவனின் உடைமை. அதனாலேயே அது பிழைத்து நின்றது கவிஞனுக்குப் பாடுபொருளாகிறது. இயற்கை இங்கே அருளின் சான்று.

பாரதிதாசனிடம் அது சமத்துவத்தின் சான்றாகிறது. 1944 இல் வெளிவந்த ‘அழகின் சிரிப்பு’ கடல், தென்றல், காடு, குன்றம் என இயற்கையைத் தனித்தனித் தலைப்பில் பாடுகிறது; அவற்றின் வரிசையிலேயே சிற்றூரும் பட்டணமும் தமிழும் இடம்பெறுகின்றன. மனிதன் கட்டியதும் பேசியதும் அவருக்கு அழகின் எல்லைக்குள் அடங்கியவை. வட்டமாகக் கூடி இரையுண்ணும் புறாக்களிடம் உயர்வு தாழ்வு இல்லை என்று அவர் காட்டும்போது, பந்தியிலும் சாதி பார்த்த சமூகம் தலைகுனிகிறது. அவரிடம் பயின்ற வாணிதாசன் (1915–1974) இம்மரபை வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றார்.

இதற்கு எதிராக எழும் வலுவான வாதம், இயற்கையைத் தனிப் பாடுபொருளாக்கியது ஐரோப்பியக் கவிதையின் கொடை என்பது. பாரதி ஷெல்லிதாசன் என்று புனைபெயர் பூண்டதும், வாணிதாசன் தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் என்று போற்றப்பட்டதும் அதற்கு ஆதாரங்கள். தாக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. வேர்ட்ஸ்வொர்த்தும் உழைக்கும் எளியவர்களைப் பாடியவரே. ஆயினும் தாக்கம் கவிஞனுக்குத் துணிவைத் தரலாம். அவன் கண்ணில் எது படும் என்பதைத் தீர்மானிப்பது அவன் வாழும் மண். ஏழையின் தென்னையைப் புதுவைப் புயல் தந்தது. புறாவின் பந்தியைச் சாதிக் கொடுமை தந்தது. இரண்டையும் ஏற்றுக்கொள்ளும் இடம் திணை மரபில் முன்பே இருந்தது.

ஆகவே இக்கரையில் இயற்கை முதலில் வளத்துக்கும், பின்னர் அருளுக்கும், அதன்பின் சமத்துவத்துக்கும் சான்று கூறியது; எந்த நிலையிலும் ஆளற்ற காட்சியாக அது நிற்கவில்லை. இதை ஏற்றால், இயற்கைக் கவிதை என்ற பெயரில் மலரையும் நிலவையும் மட்டும் பிரித்தெடுத்துப் பாடம் சொல்வது பாதிக் கவிதையைக் கைவிடுவதாகும். உமணரின் பிள்ளைகளையும் ஏற்றம் இறைத்தவரையும் சேர்த்துப் படிக்கும்போதே இக்கரைக் கவிதையின் அழகு முழுமையாகப் புலப்படும்.