கணக்கில் வராத இந்தியச் சோனகர்

மலையக முஸ்லிம்களைப் பற்றி எழுத முற்படும்போதெல்லாம் எனக்கொரு சிக்கல். மலையகம் என்றால் தோட்டத் தமிழர், முஸ்லிம் என்றால் கிழக்கும் கொழும்பும் என்றே எம்மில் பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. லிந்துலை, அக்கரப்பத்தனை போன்ற கடைவீதிகளில் தமிழகத்திலிருந்து வந்து கடை வைத்த முஸ்லிம்கள் இவ்விரண்டுக்குள்ளும் அடங்குவதில்லை.

ஆங்கிலேயர் இவர்களைக் 'கரையோரச் சோனகர்' என்றனர். குடிசன மதிப்பீடு 'இந்தியச் சோனகர்' என்றது. கம்பளையில் இவர்களது பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா மேளத்துடன் செல்லலாமா என்ற வழக்கில், 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே இறுதியில் கண்டியில் கலவரம் மூண்டது. அடி விழுந்தபோது இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்ற பேதம் எவரையும் காக்கவில்லை. உரிமை என்று வந்தபோதோ அந்தப் பேதமே முன்னுக்கு நின்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரோடு இவர்களையும் நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, மணமானவருக்கு 7, மணமாகாதவருக்கு 10 வருடத் தொடர்ச்சியான வதிவைக் கேட்டது. குடும்பத்தை ஊரில் விட்டு, போய் வந்து வியாபாரம் செய்தவர் இதை எப்படி நிரூபிப்பார்? 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 8,25,000 பேரைப் பங்கு பிரித்தது. 1963இல் சுமார் 55,000 ஆக இருந்த இந்தியச் சோனகர் 1971இல் சுமார் 27,000 ஆயினர். கடல் கடந்தவர் போக, இலங்கைச் சோனகராகப் பதிந்துகொண்டவரும் இருந்திருப்பர் என்றே கருதுகிறேன். 1981இன் கணக்கெடுப்பில் அந்தத் தனி நிரலே இல்லை.

இலங்கை இந்தியக் காங்கிரசை வழிநடத்தி, 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசைத் தொடங்கிய அப்துல் அஸீஸ் ஒரு முஸ்லிம். தொழிலாளர் அவரைத் தலைவராக ஏற்றனர். ஆனால் கடைக்கார முஸ்லிமை மலையகத்தான் என்று ஏற்பதற்கு இரு தரப்பிலும் தயக்கம் இருந்தது. கடன் கொப்பியில் உறவாடியவர்கள் வரலாற்றில் அந்நியரானார்கள்.

1988, 2003 சட்டங்களால் பிரஜாவுரிமைச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. பெயரின் சிக்கல் தீரவில்லை. 2023இல் மலையகம் தன் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தது. அந்த வரலாற்றில் இவர்களின் அத்தியாயத்தைப் பிறர் எழுதவில்லையே என்று குறைப்படுவதில் பயனில்லை. பள்ளிவாசல் ஏடுகளும் நிக்காஹ் பதிவுகளும் பழைய கடவுச்சீட்டுகளும் செல்லரிக்குமுன், அவற்றைத் தேடி எடுத்து எழுத வேண்டியவர்கள் நாமே.