கிரீடமா, கண்டபேரண்டமா?

சாமராஜநகர் மாவட்டத்தில் ஒரு பழைய போலீஸ் வில்லை கைக்கு வந்தால், அதன் வயதைப் பார்ப்பதற்கு முன் அது எந்தத் தாலுகாவில் அணியப்பட்டது என்று விசாரிக்க வேண்டும். சாமராஜநகரிலிருந்து கொள்ளேகாலுக்குச் சுமார் 40 கி.மீ.தான் தூரம். ஆனால் 1956 அக்டோபர் 31 வரை இவை இரண்டும் வெவ்வேறு அரசுகளின் கீழ் இருந்தன. இரண்டு ஊர்ப் போலீஸ்காரர்களும் வெவ்வேறு தலைமைக்குச் சல்யூட் அடித்தார்கள்.

சாமராஜநகரின் பழைய பெயர் அரிகொட்டாரா. அங்கே பிறந்த தன் தந்தை சாமராஜ உடையாரின் நினைவாக மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1818-இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். இந்த ஊரும் குண்டுலுப்பேட்டையும் ஏளந்தூரும் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தன. கொள்ளேகாலோ சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. மாதேசுவரன் மலை வரை கோவையின் அதிகாரம் சென்றது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, 1956 நவம்பர் 1 அன்று கொள்ளேகால் மைசூருடன் சேர்ந்தது. சாமராஜநகர் தனி மாவட்டமானது 1997-இல்தான்.

சென்னை மாகாணப் போலீஸின் வரலாறு 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்திலிருந்து தொடங்குகிறது. வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்த கொடுமையை 1855-இல் ஒரு விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. வரி வசூலையும் காவலையும் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது. மைசூரை 1831 முதல் 1881 வரை ஆங்கிலேயக் கமிஷனர்கள் நிர்வகித்தார்கள். 1881-இல் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சி திரும்பியது.

இந்த ஆண்டுகள் மனதில் இருந்தால் வில்லையின் முகத்தைப் படித்துவிடலாம். இரட்டைத் தலைக் கண்டபேரண்டப் பறவையும் இரு பக்கமும் யானைத் தலைச் சிங்கங்களான சரபங்களும் இருந்தால் அது மைசூர். பறவைக்கு மேல் அசோகரின் சிங்கத் தலை ஏறியிருந்தால் 1950-க்குப் பிந்தையது. 1950 ஜனவரி 26-இல்தான் அது நாட்டின் சின்னமானது. ‘கர்நாடகா’ என்ற பெயர் இருந்தால் 1973 நவம்பர் 1-க்கு முன்னால் போக முடியாது. மாநிலம் அன்றுதான் அந்தப் பெயரைப் பெற்றது.

கொள்ளேகால் பக்கத்து வில்லைக்குக் கணக்கு வேறு. ‘வி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகள் விக்டோரியா பேரரசிப் பட்டம் பெற்ற பிறகான காலத்தைச் சுட்டும், ‘ஜி.ஆர்.ஐ.’ இருந்தால் 1910-க்குப் பிந்தைய ஜார்ஜ் மன்னர்கள் காலம். வளைவுகள் உருண்டு மேலெழுந்த டியூடர் கிரீடம் 1901-க்குப் பின் வந்தது. சென்னை அரசு கோபுரச் சின்னத்தை ஏற்றது 1949-இல். எனவே கோபுரம் பொறித்த வில்லை ஒன்று கொள்ளேகாலில் அணியப்பட்டது என்று நிரூபணமானால், அதன் காலம் ஏழே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். வெறும் ‘எம்.பி.’ என்ற சுருக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. மெட்ராஸ் போலீஸ், மைசூர் போலீஸ் இரண்டுக்குமே அது பொருந்தும்.

பிறகு வில்லையைத் திருப்ப வேண்டும். அச்சில் அடித்த வில்லையில் முன்புறத்து மேடு பின்புறத்தில் குழியாகத் தெரியும்; இறகின் கீற்றுகூடக் கூர்மையாக இருக்கும். மண் அச்சில் வார்த்ததோ தடித்து, பின்புறம் சிறு சிறு துளைகளோடு சொரசொரப்பாக இருக்கும். வார்ப்பு என்பதாலேயே போலி என்று தள்ளிவிட முடியாது. பித்தளை வார்ப்பு வில்லைகள் உள்ளூரிலும் செய்யப்பட்டன. ஆனால் அசலை வைத்து அச்செடுத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அசலைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும். அளவுகோலை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பின்புற வளையத்தைப் பற்றவைத்த இடமும் பேசும். வில்லை முழுதும் கறுத்திருக்க, பற்று மட்டும் பளபளத்தால் அது அண்மையில் கைவைத்த வேலை.

தாலுகா கச்சேரிச் சேவகர்களும் டவாலியில் பித்தளை வில்லை அணிந்தார்கள். துறையின் பெயரைப் படிக்காமல் அதையும் போலீஸ் வில்லை என்று வாங்கி ஏமாறக் கூடாது.

சேகரிப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த வரலாற்றுப் பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும். அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஏமாற்றும் நோக்கத்தோடு போலீஸ் அடையாளத்தை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

இந்தச் சின்னங்கள் இன்றும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கர்நாடகக் கான்ஸ்டபிள்கள் பல பத்தாண்டுகளாக அணிந்த, ஒரு பக்கம் மடித்த தொப்பிக்குப் பதிலாக 2025 அக்டோபரில் கருநீலத் தொப்பி வந்தது. நேற்றுவரை உடுப்பாக இருந்தது இனி வரலாற்றுப் பொருள்.

கோவையில் பழைய ஹாமில்டன் போலீஸ் கிளப் கட்டிடத்திலும், சென்னை எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்திலும் போலீஸ் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும். தாத்தாவோ அப்பாவோ போலீஸில் இருந்த வீடுகளில் வில்லை இருந்தால், புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பழைய பித்தளைக் கடைக்கும் எடைக்குப் போடாதீர்கள். அணிந்தவர் பெயர், நம்பர், வேலை பார்த்த ஸ்டேஷன், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.