வாசலுக்கு மேலே கொதிக்கும் பாகு

மஸ்கட்டில் காலையில் கிளம்பினால் நக்கல், ருஸ்தாக், அல் ஹஸ்ம் என்று மூன்று கோட்டைகளைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். (சிரிக்காதீர்கள், ஊர்ப் பெயரே நக்கல்தான்.) நக்கலுக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர் ஊற்று, ருஸ்தாக்கில் இன்னொன்று. ருஸ்தாக்கில் சூடு கிட்டத்தட்ட 45 டிகிரி. காலை வைத்தால் எடுக்க மனசு வராது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது அல் ஹஸ்ம்தான். 1650ல் போர்ச்சுகீசியரை மஸ்கட்டை விட்டு விரட்டியவர் இமாம் சுல்தான் பின் சைஃப். அவருடைய பேரன், பெயரும் அதேதான், 1711ல் பட்டத்துக்கு வந்து, தலைநகரை ருஸ்தாக்கிலிருந்து இங்கே மாற்றிக் கட்டிய கோட்டை இது. தடித்த சுவர்கள், போர்ச்சுகீசியப் பீரங்கிகள், முற்றுகையிட்டாலும் வற்றாதபடி உள்ளேயே ஓடும் ஃபலஜ் வாய்க்கால். வாசலுக்கு மேலே துவாரங்கள். பேரீச்சம்பழப் பாகைக் கொதிக்கவைத்து எதிரி தலையில் அது வழியாக ஊற்றுவார்களாம். எண்ணெயைவிட மோசம், ஒட்டிக்கொள்ளுமே!

இத்தனையும் வெளியிலிருந்து வருகிறவனுக்கு. கட்டியவர் சில வருஷங்களிலேயே இறந்து இங்கேயே அடக்கமானார். மகனோ சின்னப் பையன். யார் இமாம் என்று உள்நாட்டுச் சண்டை மூண்டது. வளர்ந்த அந்த மகனே, போட்டியாளரை அடக்க நாதிர் ஷாவிடம் உதவி கேட்டான். 1737ல் பாரசீகப் படை வந்து இறங்கியது. கூப்பிட்டு வந்தவன் தலையில் பாகை ஊற்றமுடியுமா?

கடைசியில் அவர்களைத் துரத்தியவர் அகமது பின் சயீத். இன்று ஓமானை ஆளும் வம்சம் அவருடையது. அவர் சமாதி ருஸ்தாக்கில் இருக்கிறது. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் அதைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.