நன்னம்பிக்கை முனையின் ‘மலாய்’ முஸ்லிம்கள்

ஒருவருடைய பெயரோடு அவருடைய ஊரைச் சேர்த்து வழங்குவது நம்மிடையே மரியாதைக்குரிய வழக்கம். காயல்பட்டினத்து ஆலிம், கீழக்கரைப் புலவர் என்னும்போது ஊர் அவருக்கு அணியாகிறது. அரபியரும் மக்கீ, மதனீ, பஸரீ என்று பெயரின் இறுதியில் ‘நிஸ்பா’ வைத்துப் போற்றினர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்தர் எழுதி வைத்த பதிவேடுகளிலோ இதே வழக்கம் வேறொரு முகம் காட்டுகிறது. அங்கே ‘வான் பெங்காலன்’, ‘வான் மலபார்’, ‘வான் கோரமண்டல்’, ‘வான் செயிலோன்’ என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ‘வான்’ என்றால் அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். அவர்கள் அனைவரும் அடிமைகள். பல வேளைகளில் அது பிறந்த ஊர்கூட அன்று; விலைக்கு வாங்கப்பட்ட துறைமுகம்.

கோரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கரையே. ஆகவே இந்த வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652 இல் அம்முனையில் குடியேற்றம் அமைத்தது. 1658 இல் அடிமைக் கப்பல்கள் வரத் தொடங்கின. 1808 இல் அடிமை வாணிபம் நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 63,000 பேர் அங்கே இறக்கப்பட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. ஆப்பிரிக்கப் பெருநிலம், மடகாஸ்கர், இந்தியா, இந்தோனேசியத் தீவுகள் ஆகிய நான்கும் இத்தொகையில் ஏறக்குறையச் சமபங்கு கொடுத்தன. அதே 1658 இல்தான் நாகப்பட்டினமும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. பசித்தவர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். வாங்கப்பட்டவருள் பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் படேவியாவுக்கும் சென்றனர். அத்துறைமுகங்களிலிருந்து ஆட்களைத் தெற்கே முனைக்குக் கொண்டு செல்வதும் கம்பெனிக் கப்பல்களின் வழக்கமாய் இருந்தது.

அடிமை தன்னந்தனியாக விற்கப்பட்டான். தாயும் உறவும் வேறு வேறு கைகளுக்குப் போயினர். எஜமானன் தனக்கு வாய்க்கு வந்த பெயரை இட்டான். செப்டம்பர், பிப்ரவரி என மாதப் பெயர்களையும் வைத்தனர். இன்றும் கேப் டவுனில் இவை குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்தும் பெயர்கள் எடுத்துச் சூட்டினர். அங்கே பிறந்த குழந்தையின் பெயருக்குப் பின்னால் ‘வான் டி காப்’, அதாவது ‘முனையைச் சேர்ந்தவர்’ என்றே எழுதினர். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். சோழமண்டலமும் வங்காளமும் ஒரே தலைமுறையில் பெயரிலிருந்து உதிர்ந்தன.

அந்த வெறுமையை நிரப்பியது மார்க்கம். இதற்குக் கம்பெனியே வழிகோலியது என்பதுதான் வியப்பு. தன் ஆதிக்கத்தை எதிர்த்த தீவு நாட்டு ஆலிம்களையும் இளவரசர்களையும் அது முனைக்கு நாடு கடத்தியது. மக்காஸரைச் சேர்ந்த ஷெய்கு யூஸுஃப் அவர்கள் பாண்டன் நாட்டில் ஒல்லாந்தரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டு, பத்தாண்டுகள் இலங்கையில் வைக்கப்பட்டு, 1694 இல் முனைக்கு அனுப்பப்பட்டார்கள். 1699 இல் அங்கேயே வஃபாத்தானார்கள். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் ஒதுக்கப்பட்ட அவர்களைத் தேடி அடிமைகள் சென்றனர் என்று அங்குள்ளோர் சொல்லி வருகின்றனர்.

இஸ்லாத்தைப் பகிரங்கமாகக் கடைப்பிடிக்க அக்காலத்தில் தடை இருந்தது. எனினும் ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்கலாகாது என்றொரு விதியும் 1770 இல் வந்தது. விற்க முடியாத அடிமையை எந்த எஜமானன் விரும்புவான்? ஆகவே தம் அடிமைகள் சபையில் சேராதிருப்பதே அவர்களுக்கு இலாபமாயிற்று. அடிமைகளின் திருமணத்தைச் சட்டமும் ஏற்கவில்லை. இமாமோ நிக்காஹ் செய்து வைத்தார். பிள்ளைக்குப் பெயர் வைத்தார். மையித்தைக் கஃபனிட்டு ஜனாஸாத் தொழுகை நடத்தினார். மனிதன் என்று எண்ணிப் பிறப்பு முதல் இறப்பு வரை உடன் நின்றோரிடம் மனிதர் சேர்வது இயல்பே.

திடோர் தீவின் காழி அப்துஸ் ஸலாம் அவர்களின் மைந்தர் இமாம் அப்துல்லாஹ், 1780 இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டார். மக்கள் அவரைத் ‘துவான் குரு’ என்றனர். பிற்காலத்தில் மண்டேலா அடைபட்ட அதே ராபன் தீவுச் சிறையில் இருந்தபடி, முழுக் குர்ஆனையும் மனனத்திலிருந்து எழுதினார். 1781 இல் அகீதாவை விளக்கும் நூலொன்றையும் அரபியிலும் மலாய் மொழியிலுமாக எழுதி முடித்தார். விடுதலையான பின் 1793 இல் தோர்ப் தெருவில் மத்ரஸா தொடங்கினார். அங்கே அடிமைப் பிள்ளைகளும் விடுதலை பெற்றோர் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, அல்லாஹ்வின் இருபது ஸிஃபத்துகளை இராகமிட்டு ஓதினர். நம் மத்ரஸாக்களிலும் அதே இருபதை ஓதிக்கொடுத்து வந்த நமக்கு, அந்த வகுப்பின் ஓசை காதில் விழுவதுபோலவே இருக்கிறது. அத்தெருவில் எழுந்த அவ்வல் பள்ளிவாசலின் நிலம் கொரிடோன் வான் செயிலோன் என்பவருடையது. அவர் விடுதலை பெற்ற அடிமை. 1794 இல் அதை வாங்கினார். அது அவர் குடும்பத்துப் பெண்கள் வழியே இறங்கிப் பள்ளிவாசலுக்கு நிலைத்தது.

மொழியும் அங்கே புதிதாக விளைந்தது. பல நாட்டு அடிமைகளிடையே முதலில் மலாயும் சிதைந்த போர்த்துக்கீசும் பொதுமொழிகளாய் இருந்தன. பிறகு சமையற்கட்டிலும் வயலிலும் உருமாறிய ஒல்லாந்த மொழி, இன்று ஆஃப்ரிகான்ஸ் எனப்படுவது, அந்த இடத்தைப் பிடித்தது. மத்ரஸாக்களில் அதனை அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத ஒலிகளுக்குத் தனி எழுத்துகளைக் கொண்டனர். அரபுத் தமிழுக்கு நம் முன்னோர் செய்ததும் இதுவே. துருக்கி சுல்தானால் அனுப்பப்பட்டு 1863 இல் அங்கு வந்த அபூபக்கர் எஃபெந்தி அவர்கள் இவ்வகையில் எழுதிய ‘பயானுத்தீன்’ 1877 இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. (ஷாஃபிகள் நிறைந்த அவ்வூரில் அவர் ஹனஃபி சட்டப்படி சிங்கி இறால் ஹராம் என்று தீர்ப்பளித்துப் பெரும் பூசலை உண்டாக்கியதும் உண்டு. நம் கடற்கரையூர்க்காரர்கள் அந்தப் பூசலின் சூட்டை உணர்வார்கள்!) பின்னாளில் வெள்ளையர் தம் இனத்தின் தனிச்சொத்து என்று முழங்கிய மொழியின் தொடக்ககால நூல்களுள் ஒன்று, இவ்வாறு முஸ்லிம் பிள்ளைகளுக்காக அரபு எழுத்தில் எழுதப்பட்டது.

அடிமை முறை 1834 இல் ஒழிக்கப்பட்டு, பயிற்சிக் காலம் என்ற பெயரால் மேலும் நான்காண்டு நீண்டு, 1838 இல் உண்மையாகவே முடிந்தது. அதற்குள் முனையில் ‘மலாய்’ என்ற சொல் முஸ்லிம் என்ற பொருளையே பெற்றுவிட்டது. தந்தை வங்காளியாயினும் தாய் மொஸாம்பிக் நாட்டவளாயினும் கலிமாச் சொன்னவர் ‘மலாய்’க்காரர்.

இதற்கு எதிரே இன்னொரு காட்சியை வைத்துப் பார்க்க வேண்டும். 1860 இல் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் சேர்ந்தது. அவர்களும் கொடுமைக்குத் தப்பினாரல்லர். ஆனாலும் தம் பெயரோடு வந்தனர். ஒரே மொழியினர் பலர் கூடி வந்தனர். ஒப்பந்தத்துக்கு முடிவு இருந்தது. அவர்களுடைய சந்ததியார் இன்றும் தமிழர் என்று அறியப்படுகின்றனர். அதே கரையிலிருந்து இரு நூற்றாண்டுக்கு முன் விலைப்பட்டுப் போனவருடைய பேரப்பிள்ளைகளோ, மொழியும் அறியார், தாம் அக்கரையினர் என்பதும் அறியார். ஒரே மண்ணின் மக்களை இரண்டு இனங்களாக்கியது அவர்கள் போன விதமே.

1950 இல் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு மக்களை நிறவாரியாகப் பதியும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ் வகுத்த உட்பிரிவுகளில் ‘கேப் மலாய்’ ஒன்று, ‘இந்தியர்’ மற்றொன்று. நூற்றைம்பது ஆண்டுகளாக எவர் வேண்டுமானாலும் வந்து சேரும் வாசலாக இருந்த சொல், இப்போது பூட்டிய அறையாயிற்று. ஐ. டி. தூ பிளெஸ்ஸி என்னும் ஆஃப்ரிகான்ஸ் அறிஞர் ‘மலாய்ப் பண்பாடு’ தூய்மையாகக் காக்கப்பட வேண்டுமென்று எழுதி வந்தார். அன்போடு எழுதினாரோ என்னவோ, அரசுக்கு அது வசதியாயிற்று. 1957 இல் போ-காப் பகுதி மலாய்க்காரருக்கென்று ஒதுக்கப்பட்டது. எல்லாரும் கலந்து வாழ்ந்த ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ 1966 இல் வெள்ளையர் பகுதி என அறிவிக்கப்பட்டு, அங்கிருந்து 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர்.

அந்த அறைக்குள் அடங்க மறுத்தவர் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன். கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்று அவர்களுள் ஒருவராகப் பழகியவர். 1969 இல் காவலில் 123 நாள் வைக்கப்பட்டு மரணமடைந்தார். படியில் விழுந்தார் என்றது போலீஸ். சித்திரவதையே காரணம் என்று நீதிமன்றம் சொல்ல 2023 வரை காலம் பிடித்தது.

அந்தப் பதிவுச் சட்டம் 1991 இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அவ்வூராருள் சிலர் ‘மலாய்’ என்பதைப் பாட்டனார் தந்த பெயராகப் பேணுகின்றனர். சிலர் அது அரசு குத்திய முத்திரை என்று தள்ளி, முஸ்லிம் என்பதே போதும் என்கின்றனர். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்கு மக்கள் இட்டிருந்த மற்றொரு பெயர் ‘கனாலாதோர்ப்’. மலாய் நாட்டார் ‘அல்லாஹ்வுக்காக’ என்று வேண்டிக்கொள்ளும் ‘கர்ன அல்லா’ அங்கே ‘கனாலா’ ஆயிற்று. இரு தரப்பாரும் ஒருவரிடம் ஓர் உதவி கேட்கையில் அச்சொல்லைத்தான் சொல்கின்றனர்.