கோதண்டம் முதல் நாட்குறிப்பேடு வரை: பள்ளித் தண்டனைச் சொற்களும் குழந்தைப் பருவமும் – கோலார் வட்டாரத்தை முன்வைத்து

கருநாடக மாநிலத்தின் தென்கிழக்கு எல்லையில், கோலார் தங்கவயலை அடுத்துப் பாலாறு நிரப்பும் பேரேரியின் கரையில் அமைந்த ஊர் பேத்தமங்களா. விசயாதித்தமங்கலம் என்பது இதன் பழம்பெயர் எனக் கல்வெட்டுகளால் அறியப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கச் சுரங்கங்களுக்குக் குடிநீர் வழங்கியது இவ்வேரியே. இதே ஆற்றின் கீழ்ப்பகுதியாகிய வட ஆர்க்காட்டிலிருந்துதான் சுரங்கத் தொழிலாளருட் பெரும்பாலோர் மேனோக்கி வந்து குடியேறினர். கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் நாள்தோறும் ஒன்றோடொன்று உரசும் இவ்வட்டாரம் மொழியாய்வாளர்க்குப் பல வகையில் பயன்படுவது. பள்ளியில் குழந்தையை ஒழுங்குபடுத்த வழங்கிய சொற்கள் தலைமுறைதோறும் எவ்வாறு மாறின என்பதையும், அம்மாற்றம் குழந்தைப் பருவத்தைப் பற்றி உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தண்டனையைக் குறிக்கும் சொற்களைக் காண்பதற்கு முன், தண்டனை பேசப்படாத ஓரிடத்தைக் காண்பது தகும். நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியரின் இயல்பையும் மாணாக்கரின் இயல்பையும் விரித்துரைக்கிறது. பவணந்தியாரைக் கொண்டு இந்நூலைச் செய்வித்தவன் சீயகங்கன் எனச் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. இவன் கங்கர் மரபினன். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தவன். குவலாளபுரத்துத் தலைவன் என்னும் பட்டம் பூண்டவன். குவலாளம் என்பது இன்றைய கோலாரே. ஆகவே தமிழில் ஆசிரியர்–மாணாக்கர் உறவை வகுத்துரைத்த இலக்கண நூல் ஒன்று கோலாரோடு தொடர்புடையது என்பது நோக்கத்தக்கது. (பொதுப்பாயிரச் சூத்திரங்களிற் சில பவணந்தியார்க்கு முற்பட்டவை என்பாரும் உளர், ஈண்டு அவ்வாதம் வேண்டுவதன்று.)

அப்பாயிரத்தில் அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை; மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு; ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடைமாணாக்கர்க்கு. மாணவன் ஆசிரியரிடம் நெருப்பில் குளிர்காய்வான் போல மிக அணுகாமலும் மிக நீங்காமலும் இருத்தல் வேண்டும். எல்லாம் உரைத்த இப்பாயிரத்தில் பிரம்பு இல்லை. அடித்துத் திருத்துமாறு ஆசிரியர்க்கு விதி எதுவும் இல்லை. எனினும் இதனைக் கருணை எனக் கொள்ளுதல் பிழையாகும். குடியன், சோம்பன், செருக்கன், நோயாளி, தூங்குபவன், மந்தன் என ஒரு பட்டியல் தந்து, இவர்க்குக் கற்பியார் என்று அது முடிக்கிறது. தகாதவன் எனக் கருதப்பட்டவன் அடிக்கப்படவில்லை, விலக்கப்பட்டான். வாரா மாணவனை வலிந்து இழுத்து வந்து இருத்தும் தேவை அக்கல்விமுறைக்கு எழவில்லை. அத்தேவை எழுந்த இடத்தில்தான் பிரம்பு இன்றியமையாததாயிற்று எனலாம்.

திண்ணையும் விட்டமும்

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் நாட்டுக் கல்வி நிலையைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டார். பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகத்தில் அனுப்பிய மறுமொழி அவற்றுள் விரிவானது. அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவரும் இருந்தனர். அவற்றுள் கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்குப் பள்ளிகள் 226. தமிழ்ப் பள்ளிகள் நான்கே. மொழி வேறாயினும் பள்ளியின் ஒழுங்கு தெற்கு முழுவதும் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்ததாகத் தோன்றுகிறது.

கேம்பெல் காட்டும் காலைக் காட்சி இது. ஆறு மணியளவில் பள்ளி கூடும். முதலில் வருபவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின் வருவோர் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வோர் அடி கூடுதல். மேற்காட்டிய எண்களின்படி பள்ளி ஒன்றுக்குச் சராசரி 12 மாணவர். எனவே கடைசியாக வந்தவன் பத்தடி பெற்றிருத்தல் வேண்டும். குற்றம் என்பது தாமதமன்று, பிறனுக்குப் பிந்தியது என்பதை இம்முறை காட்டுகிறது. கடிகாரம் இல்லாத பள்ளியில் நேரத்தை அளக்கும் கருவி உடன்மாணவனே. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இவ்வழக்கம் இருந்தது என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் (1855–1942) தன்வரலாறு சான்றாகும்.

சோம்பிய மாணவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுதலையும் கேம்பெல் குறிக்கிறார். தமிழில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். வடமொழியில் வில்லைக் குறிக்கும் இச்சொல், பள்ளிக்கு வாராப் பிள்ளைகளைத் தொங்கவிடும் கயிற்றையும் குறிக்கலாயிற்று. இராமன் கை வில்லின் பெயர் எவ்வாறு இக்கயிற்றுக்கு வந்தது? வளைந்து தொங்கும் உடலின் வடிவைக் கண்டு எழுந்த ஆகுபெயர் எனக் கருத இடமுண்டு. பள்ளிக்கு ஒளிந்தவன் காலில் கட்டை மாட்டுதலுக்குக் குட்டை என்பது பெயர். இவையெல்லாம் நம் நாட்டுக் கொடுமைகள் மட்டுமே என எண்ணுதற்கில்லை. சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் ஆதரவில்லத்தில் ஆண்ட்ரூ பெல் கண்டு 1797இல் நூலாக வெளியிட்ட சட்டாம்பிள்ளை முறையை ஒத்த வகையில் இலண்டனில் பள்ளி நடத்திய சோசப் லங்காசுடர், குற்றம் செய்த பிள்ளைகளைக் கூடையில் இட்டுக் கூரையில் ஏற்றித் தொங்கவிட்டார். மணலில் எழுதும் பயிற்சியைப் பெல் சென்னையின் நாட்டுப் பள்ளியிலிருந்து எடுத்துச் சென்றார் என்பது உறுதி. கூரையில் தொங்கவிடும் வழக்கத்திற்கு அங்கேயே தனி மரபு இருந்திருக்கலாம்.

உட்கார்ந்து எழும் தண்டனை வருத்தம் தருவதாயினும் உடலுக்கு நலம் பயப்பதாகலாம் எனக் கேம்பெல் குறிப்பிட்டுச் செல்கிறார். தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது என்று அண்மைக்காலத்தில் வெளிநாடுகளிலும் உடற்பயிற்சியாகப் பரப்பப்படுவதைக் காண்போர்க்கு அவர் கூற்று வியப்பளிக்காது.

சட்டாம்பிள்ளை என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டுச் சுட்டத்தக்கது. ஆசிரியர் இல்லாதபோது பிரம்பு இவன் கையில் இருக்கும். கேரளத்துச் சட்டம்பி சுவாமிகள் (1853–1924) இளமையில் வகுப்புத் தலைவராக இருந்தமையால் அப்பெயர் பெற்றார். இன்றைய மலையாளத்திலோ சட்டம்பி என்றால் போக்கிரி. தமிழிலும் சட்டாம்பிள்ளைத்தனம் என்பது நற்பொருளில் வழங்குவதில்லை. அதிகாரம் பெற்ற பிள்ளையைப் பற்றி மற்றப் பிள்ளைகள் கொண்டிருந்த கருத்தே இறுதியில் சொற்பொருளாக நிலைத்தது போலும்.

அடி உண்டலும் அடி வாங்கலும்

அடிபட்டவனை வாக்கியத்தில் எழுவாயாக்கும் முறையிலும் மாற்றம் காணப்படுகிறது. பழந்தமிழில் அடியுண்டான், கட்டுண்டான், கொலையுண்டான் என ‘உண்’ துணைவினையாய்ச் செயப்பாட்டுப் பொருள் தந்தது. கன்னடத்தில் ‘ஏட்டு தின்னு’, தெலுங்கில் ‘தெப்பலு தினு’ என இன்றும் அடியைத் தின்பதாகவே கூறுவர். இக்காலப் பேச்சுத் தமிழில் ‘அடி வாங்கினான்’ என்பதே பெருவழக்கு. திட்டு வாங்கினான், டி.சி. வாங்கினான் என்பனவும் அவ்வழியின. உண்பவன் விரும்பியோ விரும்பாமலோ தன் உடலுக்குள் ஏற்கிறான், வாங்குபவன் கைநீட்டுகிறான். பிரம்படிக்குக் கைநீட்டி நின்ற வகுப்பறை இவ்வழக்கைப் பரப்பியிருக்கலாம் என்பது ஊகமே, இதை வலியுறுத்துவதற்கில்லை. மும்மொழியும் பேசும் கோலார்ப் பகுதியில் ஒரே குழந்தை பள்ளியில் அடியைத் தின்று, வீட்டில் அதையே வாங்கியதாகச் சொல்லக்கூடும் என்பது மட்டும் தெளிவு.

கட்டடம் மாறியபோது தண்டனையும் மாறிற்று. கோதண்டத்திற்கு விட்டம் வேண்டும். பெஞ்சின்மேல் நிற்பதற்குப் பெஞ்சு வேண்டும். நூறு வரி எழுதும் ‘இம்போசிசன்’ தண்டனைக்குக் காகிதம் மலிவாதல் வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் கொண்ட பள்ளியில் அதற்கு வழியில்லை. ஆங்கில முறைப் பள்ளியோடு வந்த இத்தண்டனைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரோடே தங்கின. முட்டி போடுதல் மட்டும் தமிழுருவம் பெற்றது. அதற்கும் ‘நீல்டவுன்’ போட்டியாக வழங்கியது.

திண்ணைக்குக் கீழே நின்றவர்

இதுவரை கூறிய தண்டனைகள் எல்லாம் திண்ணையில் ஏற இடம் பெற்றவர்க்கு உரியவை. தங்கவயலுக்கு வந்த தொழிலாளருட் பெரும்பான்மையோர் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதியினர். சான் டெயிலர் நிறுவனத்தார் 1880இல் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர்ப் பாலாற்றின் கீழ்நாட்டை விட்டு வந்த இவர்களின் முன்னோர்க்குப் பள்ளி அடி கிட்டவில்லை. ஏனெனில் பள்ளியே கிட்டவில்லை. தண்டனை வரலாற்றை எழுதுவோர் இதனை விட்டுவிடின், அடியின்மையை அன்பென்று மயங்க நேரிடும். நன்னூல் பாயிரத்தில் கண்ட விலக்கு, சாதியின் பெயரால் ஒரு மக்கட்டொகுதி முழுவதற்கும் விதியாகியிருந்தது.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கும் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்திற்கும் தங்கவயல் உறுதியான நிலைக்களமாயிற்று. மாரிக்குப்பத்தில் சங்கத்தின் கிளை இயங்கியது. அவர் 1914இல் மறைந்த பின்னர், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழன் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. நிலத்தடியில் உழைத்தவர்கள் இதழொன்றைத் தாங்கினர் என்றால், எழுத்து அவர்க்கு எத்துணை அருமையானது என்பது விளங்கும்.

இப்பின்னணியில் வைத்து நோக்கினால்தான், பிள்ளையைப் பள்ளியில் விடும் தந்தை ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா’ என்று கூறும் தொடரின் பொருள் முழுமையாகும். தமிழகம் எங்கும் வழங்கும் தொடர் இது. கேட்போர்க்குக் கொடுமையாக ஒலிப்பினும், அதில் ஓர் உடன்படிக்கை உள்ளது: உடல் உம்முடையது, எழுத்து எங்களுடையதாகட்டும், படிப்பதற்கு வேண்டிய கண் மட்டும் பிழைக்கட்டும். முதல் தலைமுறையாகப் பள்ளிப் படியேறுபவன் வீட்டில் இத்தொடர் பெற்ற அழுத்தம், மூன்று தலைமுறை படித்தவன் வீட்டில் பெறுவதன்று. இவ்வாறு கூறுவது அடியை ஏற்புடையதாக்குவதற்கன்று. பிள்ளையின் உடலைத் தவிர வேறு கொடுப்பதற்கில்லாத நிலையில் ஒரு தந்தையை நிறுத்திய சமுதாயத்தின் மேலதே அப்பழி.

தொழிலாளர் லைன்களில் வீடு என்பது தட்டியால் அமைந்த ஓரறை. சுரங்கம் மூன்று ஷிப்டுகளில் இயங்கியது; சங்கொலியே ஊரின் கடிகாரம். இரவுப் பணி முடித்தவர் பகலில் உறங்கும் வீட்டில் குழந்தைக்கு இடமில்லை; தெருவும் சயனைடு மேட்டின் சரிவுமே விளையாடுமிடம். ‘சத்தம் போடாதே’ என்பதே அங்கு வீட்டின் முதற்கட்டளையாக இருந்திருக்கும்.

பிரம்பு நீங்கியபின்

பிரம்பைச் சட்டம் மெல்லவே அகற்றியது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கை உடல்சார் தண்டனையை விலக்க வேண்டும் என்றது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. தில்லி உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் தில்லிப் பள்ளி விதிகளில் அடிக்க இடந்தந்த பகுதியைச் செல்லாதென்றது. தமிழ்நாட்டு விதி 2003இல் திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் நாடு முழுவதும் தடை செய்தது. 16ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை எப்பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்றது. தேர்ச்சி பற்றிய பகுதி 2019இல் திருத்தப்பட்டபோதும் நீக்கத் தடை அப்படியே நின்றது. பிரம்பையும் விலக்கையும் ஒரே சட்டம் ஒருங்கே மறுத்தது இதன் சிறப்பு. சட்டம் வந்தபின்னும் அடி முற்றும் ஒழியவில்லை என்பது செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே.

தங்கவயலில் இம்மாற்றம் வேறொரு முடிவோடு சேர்ந்து நிகழ்ந்தது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. சங்கொலி நின்றது. கோகாக் அறிக்கையை ஒட்டி 1982இல் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் பள்ளிகளில் கன்னடம் உயர்ந்த இடம் பெற்றிருந்தது. வேலை தேடும் குடும்பங்களின் நாட்டமோ ஆங்கில வழிக் கல்வியின்மேற் சென்றது. இடையில் தமிழ் வகுப்பு சுருங்கியது. அதனோடு வாத்தியார், ஐயா என்னும் விளிகள் போய் மிஸ், சார் என்பன நின்றன. கண்டிப்பின் சொற்களும் டைரி, ரிமார்க், மீட்டிங் எனக் காகிதம் சார்ந்தனவாயின. உடலில் விழுந்த அடி ஒரு மாலைக்குள் ஆறும். நாட்குறிப்பேட்டில் விழுந்த வரிக்குப் பெற்றோர் கையொப்பம் வேண்டும். அவ்வரியும் பெற்றோர் பலர்க்குப் பழக்கமில்லாத மொழியில் இருக்கும்.

சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலிருந்து புலரிக்கு முன் புறப்படும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பலாயினர். அவ்வீடுகளில் குழந்தை விழிக்கும்போது தந்தையோ தாயோ இல்லை; திரும்பும்போது குழந்தை உறங்கியிருக்கும். குறிப்பேட்டில் கையொப்பமிடுபவர் பல வீடுகளில் பாட்டனோ பாட்டியோதான். ‘தோலை உரித்துவிடுங்கள்’ என்று கூறிய தலைமுறையினர் அவர்கள். ஆங்கில வரியைப் பேரப்பிள்ளையே படித்துப் பொருள் சொல்ல, அது சொன்னதை நம்பி அவர்கள் கையொப்பமிடுகின்றனர்.